மாடு குறுக்க வர்ற ஏலியன் ரோடு

அமெரிக்காவுல இருக்குற நெவாடா மாநிலத்தோட ஸ்டேட் ரூட் 375-ங்கிற ரோடு பத்தி மேப்ல நோண்டிட்டே ஒரு ராத்திரி போச்சு. கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் பக்கத்துல ஸ்டேட் ரூட் 318-ல இருந்து பிரிஞ்சு வடமேற்கா போய் வார்ம் ஸ்பிரிங்ஸ்ல யூஎஸ் 6 ஹைவேயை தொடுது, மொத்தம் 98 மைல், அதாவது சுமார் 158 கிலோமீட்டர், நடுவுல ஊருன்னு சொல்லிக்க ரேச்சல் ஒண்ணுதான்!

முன்னாடி இது பழைய ஸ்டேட் ரூட் 25-ஓட ஒரு துண்டு, 1970கள்ல நெவாடா நம்பரையெல்லாம் மாத்துனப்போதான் 375 ஆச்சு. ஏரியா 51-ங்கிற அமெரிக்க விமானப்படையோட ரகசிய தளம் பக்கத்துல இருக்கு, பறக்கும் தட்டு பாத்தோம்னு ஆளாளுக்கு கதை விட, 1996-ல மாநிலமே 'எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல் ஹைவே'ன்னு பேர் வச்சிடுச்சு. டூரிஸ்ட்டுக்காகத்தான், வேற என்ன.

எனக்கு ஏலியன் பயமெல்லாம் இல்ல. அங்க மேய்ச்சலுக்கு வேலி கிடையாது, இருட்டுல திடீர்னு ரோட்டுல மாடு நிக்கும். பெட்ரோலை முன்னாடியே ரொப்பிக்கணும்.