பிரைட்டன்: அரண்மனையில் படுத்துக்கொண்டு எழுதிய கடிதங்கள்

லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரைட்டன். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது ராயல் பெவிலியனைப் பார்க்க. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை அதுதான் ஆஸ்பத்திரி.

நான்காம் ஜார்ஜ் மன்னரின் உல்லாச மாளிகை அது. வெளியே முகலாய பாணிக் குவிமாடங்கள், உள்ளே சீன டிராகன்கள். விருந்து மண்டபத்தில் தொங்கும் பிரம்மாண்டமான சரவிளக்கை அண்ணாந்து பார்த்தேன். இதே மண்டபம் அன்று ஒரு வார்டு. பழைய புகைப்படங்களில் விளக்குகளுக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் தலைப்பாகையோடு ஆட்கள். மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறைகள் வைத்திருக்கிறார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தண்ணீர்க் குழாய்கூட தனித்தனி.

இங்கிருந்துதான் ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதினார்: என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ராஜாவின் சிம்மாசனம் இருந்த இடத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். படைப்பிரிவிலேயே ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள். அப்புறம் பிரான்சில் இந்தியத் தபால்களுக்கென்றே இருந்த தணிக்கை அலுவலகம். ஹவல் என்ற அதிகாரி அதற்குத் தலைமை. அங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமாகப் பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்ப்பார்கள். கடைசியில் கடிதம் கிராமத்துக்குப் போனால், அங்கேயும் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தணிக்கைக்காரர்களின் அறிக்கைகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சிப்பாயின் வார்த்தை நம் கைக்கு வந்திருப்பதே அவனை வேவு பார்த்தவர்களின் வழியாகத்தான். எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இத்தனை பேர் காதில் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு ஒருவன் மனைவிக்கு என்ன எழுதுவான்? பாசத்தை நேராகச் சொல்ல முடியுமா? நிலத்தை விசாரிக்கிறான், மாட்டை விசாரிக்கிறான், கடன் எவ்வளவு அடைந்தது என்று கேட்கிறான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். மேலோட்டமாகப் படித்தால் வெறும் வீட்டு விவகாரம். நான் அவற்றைக் காதல் கடிதங்களாகவே படிக்கிறேன்.

போர்ச் செய்தியையும் மறைத்துத்தான் சொன்னார்கள். ஒரு கடிதத்தில் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் போடுகிறார்கள் என்று வருகிறது. கறுப்பு மிளகு இந்தியப் படை, சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரப் படை. தணிக்கைக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம். மறைக்காமல் எழுதியவர்களும் உண்டு. 1915 ஜனவரியில் இங்கிலாந்தில் காயத்தோடு கிடந்த ஒரு ராஜபுத்திரர், இது போர் இல்லை, உலகத்தின் முடிவு, மகாபாரதத்தில் நம் முன்னோர் கண்டது போன்ற போர் என்று எழுதினார்.

இன்னொன்றும் மனதில் நின்றது. பிரான்சில் தங்கிய வீடுகளில் மூதாட்டிகள் தங்களைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்டதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அங்கே பெண்கள் படித்திருப்பதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

எல்லாருக்கும் அரண்மனை வாய்க்கவில்லை. அதே ஊரில் ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடத்தை கிச்சனர் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அங்கே சுற்றி முள்கம்பி. சிப்பாய்கள் வெளியே போய் உள்ளூர்ப் பெண்களோடு பழகிவிடக் கூடாது என்ற பயம். அங்கிருந்தவர்கள் சிறையில் இருப்பதுபோல் இருக்கிறது என்று புலம்பியதில் என்ன ஆச்சரியம்!

மதியத்துக்கு மேல் சத்ரி என்ற நினைவுச் சின்னத்துக்குப் போனேன். ஊருக்கு வடக்கே, பேட்சம் பகுதியைத் தாண்டிய குன்றுகளில் வெள்ளைப் பளிங்கில் எட்டுத் தூண்களோடு ஒரு குவிமாடம். வாசல் வரை சாலை கிடையாது. ஆடுகள் மேயும் புல்வெளியில் நடந்தே ஏற வேண்டும், காற்றும் பலமாக அடிக்கிறது. பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இங்கேதான் தகனம் செய்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்ற ஊரில் உள்ள மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். சத்ரியை வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். 53 பெயர்களும் கல்லில் ஏறியது 2010-இல்தான். நான் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பெவிலியன், அப்புறம் சத்ரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் பாதை சேறாக இருக்கும், நல்ல ஷூ வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சத்ரியில் அஞ்சலி நிகழ்ச்சி நடக்கிறது, முடிந்தால் அதற்குப் போங்கள். நான் அடுத்து போக நினைப்பது பிரான்சில் உள்ள நவ் ஷப்பேல் போர் நினைவிடம். 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன.