மாமரம் போட்ட பிளான்

ஓகஸ்ட் 3
யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நாங்கள் வீடு கட்டப்போகும் வளவு இரண்டு பரப்புத்தான். கிழக்கு மூலையில் கிணறு, வடக்கே கறுத்தக்கொழும்பான் மாமரம். மேசன் அண்ணை வந்ததும் வராததுமாக, "தங்கச்சி, மரத்தைத் தறிச்சா நேராப் போடலாம்" என்றார். நேராகப் போடுவதற்கா நான் கட்டடக்கலை படித்தேன்?

மலகூடக் குழிதான் உண்மையான தலையிடி. அடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்புகள் வழியே கழிவுநீர் சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும். குழியை மேற்கு எல்லைக்குத் தள்ளினேன். குளியலறையும் அதைத் தொடர்ந்து மேற்கே போனது, அப்புறம் படுக்கையறைகளும் போயின. வீடு தானாகவே ‘ட’ வடிவத்துக்கு வந்துவிட்டது.

ஓகஸ்ட் 11
கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஏனா டி சில்வா வீட்டின் பிளானை அம்மாவுக்குக் காட்டினேன். நடுவில் பெரிய முற்றம், சுற்றி அறைகள், வீதிப்பக்கம் மதில்.

"இது எங்கட நாற்சார் வீடுதானே. இதுக்கேன் கொழும்புக்குப் போறாய்?"

பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அம்மம்மா வீட்டு முற்றத்தில் வெளிச்சம் கொட்டும், அறைகளுக்குள் பட்டப்பகலிலும் லாம்பு வேண்டும். பாவாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தபடி முற்றத்தைத் தாண்டி அடுத்த பக்கமும் பார்க்கலாம். எனக்கு வேண்டியது அந்தப் பார்வை.

ஓகஸ்ட் 24
என் பிழை ஒன்று. விறாந்தைப் பக்கம் மேற்கு பார்த்து முழு உயரக் கண்ணாடி கீறியிருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் பாய் விரித்து அம்மாவை இருத்தினேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

"இதில வடகம் காயப்போடலாம். மனுசர் இருக்கேலாது."

சரி, மேற்கே கல்லுச் சுவர். திறப்பு வடக்கே, மாமரத்தைப் பார்த்து. ஆனால் மாரியில் மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். தாழ்வாரத்தை ஐந்தடிக்கு நீட்டினேன். சிவப்புச் சீமெந்துத் தரை உள்ளிருந்து மணல் வரை ஒரே மட்டம். "உள்ளும் வெளியும் ஒன்று" என்றேன். "பூரானுக்கும் சொன்னனியோ?" என்றார் அம்மா. ஒரு படி வைத்தேன்.

செப்டெம்பர் 9
இன்று அத்திவாரத்துக்கு நூல் கட்டினோம். மாமரத்தின் தாழ்ந்த கொப்பு ஒன்று சரியாகத் தாழ்வாரம் வரும் இடத்துக்கு நடுவே நிற்கிறது. மேசன் அண்ணை கத்தியோடு நின்றார். நான் பிளானில் தாழ்வாரத்துக்கு இரண்டடி வெட்டுக் குறித்தேன்.

"அதால மழை ஒழுகும், தங்கச்சி."

அம்மா போய்ப் பழைய கிடாரத்தை இழுத்துவந்து கொப்புக்குக் கீழே வைத்தார்.