அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள்?

2020 மே 28. சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் கூட்டம் முடிந்த கையோடு பத்திரிகையாளர்களைச் சந்தித்த சீனப் பிரதமர் லி கச்சியாங், நாட்டில் 60 கோடிப் பேரின் மாத வருமானம் ஆயிரம் யுவான் அளவில்தான் இருக்கிறது என்றார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. சம்பளமே அவ்வளவுதானா என்று பலர் அதிர்ந்தார்கள். அது சம்பளம் இல்லை. குடும்பத்துக்குள் வரும் மொத்தப் பணத்தைத் தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லார் தலைக்கும் வகுத்தால் கிடைப்பது. மூவாயிரம் யுவான் சம்பாதிக்கும் ஒருவரை நம்பி நான்கு பேர் இருந்தால், அந்த வீட்டில் ஐந்து பேருமே 60 கோடிக்குள் வந்துவிடுகிறார்கள். சீனக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரவைப் பிரித்துப் போட்டு விளக்கிய பிறகுதான் அந்தப் பேச்சு ஒரு நிலைக்கு வந்தது.

சீனச் சமூகம், பொருளாதாரம் என்று எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் கேள்வி நேரத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்: அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள்? வளர்ச்சி விகிதம், கடன், ஏற்றுமதி எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

நகரமயமாதலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனர்களில் 63.89 சதவீதம் பேர் நகரவாசிகள். ஆனால் நகர ஹூகோ, அதாவது நகரத்தில் குடும்பப் பதிவு, வைத்திருந்தவர்கள் 45.4 சதவீதம்தான். நடுவில் கிட்டத்தட்ட 26 கோடிப் பேர். ஹுனான் கிராமம் ஒன்றில் பிறந்து குவாங்சோ தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருப்பதால் கணக்கெடுப்பில் அவள் நகரவாசி. பதிவு மட்டும் ஊரில். மகன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். ஏனென்றால், கல்லூரி நுழைவுத் தேர்வைப் பொதுவாகப் பதிவு இருக்கும் மாகாணத்தில்தான் எழுத முடியும். இந்தப் பதிவு முறை 1958 ஜனவரியில் வந்த சட்டம். விவசாயப் பதிவு, விவசாயமல்லாத பதிவு என்ற பாகுபாட்டை 2014-இல் நீக்குவதாக அறிவித்தார்கள். எந்த ஊர்ப் பதிவு என்ற பாகுபாடு அப்படியே இருக்கிறது, பெரிய நகரங்களில் இன்னும் இறுக்கமாக.

சில காலம் முன்பு ஒரு சிறிய பயிலரங்கில், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஓர் இளைஞர் இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் செலவுக் கணக்கைப் பற்றிப் பேசினார். திரையில் ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தைக் காட்டினார். கட்டடத் தொழிலாளி ஒருவர் பேனாவால் எழுதியது: அறை வாடகை, சாப்பாடு, போன் பில், கடைசி வரியில் ஊருக்கு அனுப்பியது. அந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் மிஞ்சி நின்றது. பின்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், “இந்தப் பணம் எந்த வீட்டு வருமானம், தம்பி? இவருடைய அறையா, ஊரில் இருக்கும் வீடா?” என்று கேட்டார். அடுத்த அரை மணி நேரம் அதிலேயே போனது. நான் உட்கார்ந்த அமர்வுகளில் மிக நல்ல அரை மணி நேரம் அதுதான்.

கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் சீனப் புள்ளியியல் துறை 2012 வரை நகரக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கெடுப்பு, கிராமக் குடும்பங்களுக்கு இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் நடத்தியது. இரண்டுக்கும் நடுவே வாழ்பவர்கள் இரண்டிலுமே சரியாக விழவில்லை. ஒரே கணக்கெடுப்பாக இணைத்தது அதற்குப் பிறகுதான். கினி என்பது வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: 0 என்றால் எல்லாருக்கும் சமம், 1 என்றால் எல்லாமே ஒருவரிடம். 2012 டிசம்பரில் வெடித்த கினி சர்ச்சையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். செங்டூவில் உள்ள தென்மேற்கு நிதி, பொருளாதாரப் பல்கலைக்கழகம் எட்டாயிரத்துச் சொச்சம் குடும்பங்களிடம் எடுத்த கணக்கை வைத்து, 2010-இல் வருமான ஏற்றத்தாழ்வின் கினி அளவு 0.61 என்றது. பல ஆண்டுகளாக அந்த எண்ணை வெளியிடாமல் இருந்த புள்ளியியல் துறை, அடுத்த மாதமே பத்து ஆண்டுகளுக்கான எண்களை ஒன்றாக வெளியிட்டது. 2012-க்கு 0.474. செங்டூ ஆய்வின் மாதிரியில் யார் கூடுதல், யார் குறைவு என்று சீனப் பொருளாதார அறிஞர்களே பகிரங்கமாக எதிர்வாதம் செய்தார்கள். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் குடும்ப ஆய்வு போன்றவற்றை வைத்து 2014-இல் வந்த ஒரு கட்டுரை 0.53-க்கும் 0.55-க்கும் இடையே என்றது. எது சரி என்று ஒரு வார்த்தையில் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தச் சண்டையைப் படிப்பதுதான் சீனாவைப் படிப்பது.

எனக்கு இந்தக் கவனத்தைக் கற்றுத்தந்தவர் சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்டோங். 1935-இல் புது மனைவி வாங் டோங்ஹுய்யோடு குவாங்சி மலைப்பகுதிக்குக் களப்பணிக்குப் போனார். புலிக்கு வைத்திருந்த பொறியில் அவர் சிக்கிக் காயப்பட, உதவி தேடி ஓடிய மனைவி நீரில் விழுந்து இறந்துபோனார். உடம்பு தேறி வரும்போது, அடுத்த கோடையில், ஜியாங்சு மாகாணத்தின் கைசியன்கோங் கிராமத்தில் தங்கினார். அங்கே பட்டு நூல் கூட்டுறவு ஆலைக்கு அவருடைய அக்கா துணை நின்றிருந்தார். அந்தக் கோடையின் குறிப்புகள்தான் லண்டனில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் ஆய்வேடாகி, 1939-இல் புத்தகமாகின. 1952-இல் சீனப் பல்கலைக்கழகங்களிலிருந்து சமூகவியலே தூக்கப்பட்டது. 1957-இல் அதே ஊருக்குத் திரும்பிப் போய், விளைச்சல் கூடியும் மக்கள் கையில் காசு சேரவில்லை, வீட்டுத் தொழில்களைக் கைவிட்டதுதான் காரணம் என்று எழுதினார். அந்த ஆண்டே வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். 1981-இல் மறுபடி போனார். வாழ்நாளில் இருபது முறைக்கு மேல் அந்த ஊருக்குப் போயிருக்கிறார். விளைச்சல் ஒரு எண், வீட்டுக்கு வரும் காசு வேறு எண் என்பதை அவர் அளவுக்கு யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

இப்போது கவலை வேறு: எண்களைத் தேடிப் பார்க்கும் வழிகளே குறைகின்றன. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் இருந்த சீன ஆய்வு சேவை மையம் 1963-இல் தொடங்கியது. மாவட்ட வரலாறுகளும் புள்ளிவிவர ஆண்டு நூல்களும் திறந்த அலமாரிகளில் வரிசையாக நிற்கும். தேடியது கிடைக்காவிட்டாலும் பக்கத்தில் நின்ற புத்தகம் வேறொரு வழியைக் காட்டும். தனி மையமாக அது இனி இயங்காது என்று 2020 இறுதியில் அறிவித்தார்கள். நூல்கள் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்தன. 2023 ஏப்ரலில் சீன ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துத் தரும் சிஎன்கேஐ இணையத் தரவகம் ஆய்வேடுகள், புள்ளிவிவர ஆண்டு நூல்கள் உள்ளிட்ட சில பகுதிகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் நகரங்களில் 16 முதல் 24 வயதினரின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது, ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவைத்தார்கள். மாணவர்களைக் கழித்துப் புது முறையில் திரும்ப வந்தபோது டிசம்பர் மாத எண் 14.9. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வேலையின்மை இறங்கிவிட்டது என்று வரைபடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. படித்துக்கொண்டே வேலை தேடிய மாணவர் வேலை கிடைத்தா அந்தக் கணக்கிலிருந்து வெளியேறினார்?

2023 கடைசியில் நகரவாசிகள் 66.16 சதவீதம், நகரப் பதிவு உள்ளவர்கள் 48.3. மூன்று ஆண்டுகளில் இடைவெளி ஒரு புள்ளிகூடச் சுருங்கவில்லை. 2024 ஜூலையில் வந்த ஐந்தாண்டுச் செயல்திட்டம் நகரவாசிகளின் பங்கை எழுபதுக்கு அருகே கொண்டுபோக இலக்கு வைத்திருக்கிறது. அடுத்த கருத்தரங்கில் யாராவது அந்த எழுபதைத் திரையில் போட்டால், குவாங்சோ தையல்காரப் பெண்ணின் மகன் எந்த ஊரில் தேர்வு எழுதுவான் என்று கேட்பதாக இருக்கிறேன்.