காய்ச்சல் போச்சு, தூக்கம் வரலை

2021 மே மாதம், முழு ஊரடங்கு தொடங்கிய வாரம் எனக்குக் கொரோனா. சென்னையில் எங்கள் வீட்டு மாடி அறையில் தனியாகப் படுத்துக் கிடந்தேன். காய்ச்சல் ஆறே நாளில் இறங்கிவிட்டது. தூக்கம் ஒழுங்காக வர ஆகஸ்ட் ஆனது.

முதல் சில நாள் பகலெல்லாம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். ராத்திரி படுத்தால் போதும், சளி தொண்டைக்குள் இறங்கி இருமல் பிடுங்கும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டதில் கொஞ்சம் தேவலை. குப்புறப் படுத்ததில் கழுத்துப் பிடிப்புதான் மிச்சம்.

அப்புறம் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் அந்த ஆக்சிமீட்டர். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். பெட் கிடைக்காமல் ஊரே அல்லாடிய நேரம் வேறு. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே விரலை நுழைத்துப் பார்ப்பேன். ஒருநாள் ராத்திரி இரண்டரை மணிக்கு 91 காட்டியது. பதறிப்போய்க் கீழே இருந்த அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ரிட்டயர்டு நர்ஸ்.

“கை ஜில்லுன்னு இருக்காடா?”

ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தேன். விரல் குளிர்ந்திருந்தால் அது குறைத்துக் காட்டுமாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைத்தால் 96. அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

பெரிய தப்பு நான் செய்ததுதான். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று ராத்திரி கஞ்சி குடித்ததும் போட்டுக்கொண்டேன். மூன்று ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருந்து அலமாரியை அடுக்கினேன். நோய்தான் முற்றுகிறது என்று பயம் வேறு. “மாத்திரை எத்தனை மணிக்குப் போடுறீங்க?” என்று டாக்டர் போனில் கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. காலைக்கு மாற்றியதும் நாலு மணி நேரமாவது கண் அசந்தது.

நெகட்டிவ் ஆன பிறகும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருவது விடவில்லை. தூக்க மாத்திரை கேட்டேன், டாக்டர் தரவில்லை. எப்போது தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் படுக்கக் கூடாது, தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார வேண்டும் என்றார். முதல் வாரம் சித்திரவதை. மத்தியானம் சாம்பார் சாதம் உள்ளே போனதும் உட்கார்ந்தபடியே தலை ஆடும். அம்மா முகத்தில் தண்ணீர் தெளிப்பார்.

ஜூலையில் ஒருநாள் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. அம்மா ஆக்சிமீட்டரிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி அதில் போட்டுக்கொண்டார். நான் திரும்பக் கேட்கவில்லை.