இரவு எட்டு மணிக்கு மிஞ்சும் பதினான்கு கிராம்

ஓராண்டாகக் கணக்கு வைத்து உண்டு வருகிறேன். நாளொன்றுக்கு 1,700 கலோரி, அதற்குள் புரதம் 100 கிராம், மாவுச்சத்து 212, கொழுப்பு 50 என்பது எனக்கு நானே வகுத்துக்கொண்ட எல்லை. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற வாய்பாடு தெரிந்தால் போதும், கூட்டல் தானே வந்துவிடும். அலுவலகம் முடிந்து சைதாப்பேட்டை வீட்டுக்குத் திரும்பி, இரவு எட்டு மணிக்கு மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சென்ற புதன்கிழமை மிச்சம் 450 கலோரி: புரதம் 40, மாவுச்சத்து 41, கொழுப்பு 14. தொடக்கத்தில் நான் கலோரியை மட்டும் பார்த்து, "இரண்டு தோசைக்கு இடம் இருக்கிறது" என்று மகிழ்ந்துவிடுவேன். இப்போது இந்த மூன்றில் எதன் மிச்சம் மிக நெருக்கமாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்க்கிறேன். அன்று நெருக்கியது கொழுப்பு. பன்னீரை எடுத்தால், 150 கிராமில் புரதம் 27 கிராம் அளவுக்குக் கிடைத்தாலும், கொழுப்பு 30 கிராமைத் தாண்டிவிடும். வேர்க்கடலையில் புரதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு. கொண்டைக்கடலைச் சுண்டலில் கொழுப்பு குறைவுதான். ஆனால் அதை மட்டுமே நம்பி 40 கிராம் புரதம் சேர்க்க வேண்டுமானால், வேகவைத்த கடலை 450 கிராம் தின்ன வேண்டும், மாவுச்சத்து 120 கிராமை எட்டிவிடும். நம் சைவ உணவில் புரதம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கொழுப்பையோ மாவுச்சத்தையோ கூடவே அழைத்து வருகிறது.

ஆகவே காலையில் சந்தையில் வாங்கி வைத்திருந்த சங்கரா மீனை எடுத்தேன். முள்ளும் தலையும் நீக்கிய சதை 150 கிராமுக்கு 30 கிராம் புரதம், 150 கலோரி, கொழுப்பு 2 கிராம். தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 10 கிராம், அதாவது 90 கலோரி. சோறு 125 கிராம், தயிர் 100 கிராம். எல்லாம் சேர்த்து 463 கலோரி, புரதம் 36, மாவுச்சத்து 40, கொழுப்பு 15. எள்ளளவு பிசகுதான், அதற்காக நான் தூக்கம் கெடுவதில்லை. புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் மீனின் இடத்தில் மீல்மேக்கர் வரும். உலர்ந்த நிலையில் 60 கிராமில் புரதம் 31, கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதிலேயே 20 கிராம் மாவுச்சத்து இருப்பதால் சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். (அதன் வாடை பிடிக்காதவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிடலாம்.)

சோற்றை எடை போடுவதில் நான் இரண்டு மாதம் ஏமாந்தேன். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, அரிசி 100 கிராமுக்கு 350. தட்டில் இருந்த சோற்றை நிறுத்து, அரிசிக்கான பதிவில் ஏற்றி, ஒவ்வொரு நாளும் எல்லை மீறியதாக எண்ணி இரவில் பட்டினி கிடந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஓட்டை எண்ணெய். அம்மா உருளைக்கிழங்கு வறுவல் செய்த ஒரு நாள், நல்லெண்ணெய்ப் புட்டியைச் சமைக்கும் முன்பும் பின்பும் தராசில் வைத்துப் பார்த்தேன். குறைந்திருந்தது 38 கிராம். நான்கு பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்பது கிராமுக்கு மேல். அதுவரை நான் அதை ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம் என்றே பதிந்து வந்திருந்தேன்.

"எண்ணெயைக் கூடவாடா எடை போடுவே?" என்றார் அம்மா.

மதியம் இப்படிக் கொழுப்பைச் செலவழித்துவிட்டால், இரவில் முட்டைக்கும் பன்னீருக்கும் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. நான்கு இட்லியில் எட்டு கிராம் அளவுக்குத்தான் புரதம் என்பதால், காலையிலேயே இரண்டு முட்டையை வேகவைத்துச் சேர்த்துக்கொள்கிறேன். இரவுக்கு 40 கிராம் என்று நிற்கும் கடன் அந்த நாட்களில் 28-ஆகக் குறைகிறது. முட்டையோடு கூடவே வந்த 10 கிராம் கொழுப்பை மதிய வறுவலில் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இப்போது தாளிப்பதற்கு முன் அம்மாவே தராசை எடுத்து வைக்கிறார். அப்பளம் பொரிக்கும் நாளில் மட்டும் அது அலமாரியை விட்டு இறங்குவதில்லை.