சீல் மாற்றியும் நிற்காத ஆயில்

சங்ககிரியில் எங்களுக்கு இருப்பது ஒரே லாரி. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். ஆறு சிலிண்டர், பழைய மாதிரி டீசல் பம்ப். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. போன ஆடியில் லோடோடு தொப்பூர் மேடு ஏறும்போது கரும்புகை தள்ளியது, இழுவை இல்லை, கிளட்ச் வேறு வழுக்கியது. வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தால், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச், ஃப்ளைவீல் கழற்றி, என்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் பின்பக்க கிராங்க் சீலை மாற்றினோம். ஆயிலில் ஊறிப்போன கிளட்ச் பிளேட்டும் போச்சு. இரண்டு நாள் வேலை. பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி சொட்டு.

அப்புறம்தான் வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை.

"தம்பி, சீல் மேல தப்பு இல்லீங்க. உள்ள இருக்கிற காத்து வெளிய போக வழியில்லாம சீலைத் தள்ளுது."

அந்தக் காற்று வெளியேற வேண்டிய பிரீதர் குழாயைக் கழற்றினால், கரியும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி இறுகி அடைத்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது, மோந்தால் டீசல் வாடை.

ஐடிலில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் என்ஜின் தடுமாற வேண்டும். மூன்றிலும் ஐந்திலும் சத்தமே மாறவில்லை. ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி பம்ப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இன்ஜெக்டர் முனையில் இருக்கும் நாசில் நல்லதாக இருந்தால், டெஸ்டரில் 'கிர்ர்' என்று பனி மாதிரி தெளிக்கும். அந்த இரண்டும் குழாய் போல ஒழுகின. ஒழுகிய டீசல்தான் ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆறுக்கும் புது நாசில் போட்டோம். டெஸ்டர் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் விரலை மட்டும் நீட்டிவிடாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம்.

மாட்டும் முன் அண்ணன் இன்ஜெக்டர் உட்காரும் ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலாவதில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதைப் போட்டிருந்தால் நாசில் மேலே தூக்கி நின்றிருக்கும். கம்பியை வளைத்து எடுக்கவே அரைமணி நேரம் ஆனது.

சீலுக்காக மறுபடி எல்லாம் இறக்க வேண்டியதாயிற்று. பழைய சீல் தேய்த்த இடத்தில், கிராங்கில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். புது சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் உட்காராதபடி ஒரு மயிரிழை தள்ளி, ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்க்க, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். ஆயில், ஃபில்டர் மாற்றி, பிரைமர் என்கிற கைப்பம்பை அடித்து டீசல் லைனில் இருந்த ஏரை எடுத்தோம். மூன்றாவது கிராங்கில் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து இரவு நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டை போட்டு வைக்கிறேன். நாலு மாதமாகக் காய்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பிரீதர் குழாயை நானே கழற்றிக் கழுவுகிறேன்.