பைப் பிடித்த பதினான்கு மாதங்கள்

2021 செப்டம்பர் முதல் வாரத்தில், மான்செஸ்டரில் ஒரு பழைய சாமான் கடையில்தான் அந்த பைப்பைப் பார்த்தேன். எட்டு பவுண்டு. அதன் மரத்துக்காகவே வாங்கினேன், புகைக்கும் எண்ணம் அப்போது இல்லை. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரச் சரிவுகளில் வளரும் ஒரு புதர். வேருக்கும் தண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் திரண்டிருக்கும் கட்டியைத் தோண்டியெடுத்து, வேகவைத்து, மாதக்கணக்கில் உலரவைத்து பைப் கடைகிறார்கள். பக்கத்தில் நெருப்பு இருந்தாலும் சட்டென்று கருகாத மரம். பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் உள்ள சேன்-க்ளோத் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. என் பைப்பின் காம்பில் அந்த ஊர்ப்பெயர் பாதி தேய்ந்து தெரிந்தது. புகையிலை வைக்கும் கிண்ணத்தைச் சுற்றி ஓடிய மரவரியைப் போல நல்ல தேக்கில்கூட நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்துவிட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கிண்ணத்துக்குள் மூக்கை வைத்து முகர்ந்தார். "புகைக்கப் போகிறாயானால் இதில் ஆரம்பிக்காதே, சோளத்தக்கையில் ஆரம்பி" என்றார். மக்காச்சோளக் கதிரின் தக்கையைக் குடைந்து செய்யும் பைப்பைத்தான் சொன்னார். அந்தப் பேச்சுதான் என்னை இதில் இறக்கிவிட்டது.

அவர் நாற்பது வருடத்துக்கு மேல் பைப் பிடித்தவர். அவர் இளைஞராக இருந்தபோது பிரதமர் ஹரல்ட் வில்சன் பைப்போடுதான் எல்லாப் படத்திலும் இருப்பாராம். 1965-இல் வில்சனுக்கு 'ஆண்டின் சிறந்த பைப் புகைப்பாளர்' என்ற விருதே கொடுத்திருக்கிறார்கள். அந்த விருது 2004-இல் நின்றுபோனது. பெரியவர் நிறுத்தியது 2007 ஜூலை 1 அன்று, மூடிய பொது இடங்களில் புகைப்பதற்கு இங்கிலாந்தில் தடை வந்த நாளில். டாக்டர் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை. "ஒரு கிண்ணம் எரிந்து முடிய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு பப்பில் இருந்தது. வெளியே நின்று குடிக்கிற சாமான் இல்லை இது" என்றார்.

அன்று இரவு நோட்டில் இதை எழுதி வைத்தேன். அதன் பிறகு பைப்பை விட்டவர்கள், தொடாதவர்கள் யாரைப் பார்த்தாலும் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

முதல் மூன்று வாரம் நாக்குதான் பிரச்சினை. சோளத்தக்கை பைப் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்திலிருந்து வருவது. வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்கிறார்கள். விலை குறைவு, எடை இல்லை, உள்ளே கரி படியவைத்துப் பழக்க வேண்டிய தேவையும் இல்லை. அப்படியும் இரண்டாம் நாளே நாக்கின் நுனி கொதிக்கும் ரசத்தை ஆறவிடாமல் குடித்தது போல வெந்துவிட்டது. மூன்றாம் நாள் சோற்றில் ஊறுகாய் தொட முடியவில்லை. சரி, பழகப் பழகச் சரியாகும் என்று தொடர்ந்தேன். அது தப்பு.

நாக்கைச் சுடுவதில் பெரும் பங்கு நீராவிக்கு. டின்னிலிருந்து எடுத்த புகையிலை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். ஈரம் இருந்தால் அணைந்துகொண்டே இருக்கும், அணையக்கூடாது என்று நாம் வேகமாக இழுப்போம், இழுக்க இழுக்கக் கிண்ணம் சுடும், ஈரம் ஆவியாகி நேரே நாக்கில் வந்து விழும். அடியில் தண்ணீர் சேர்ந்து களகளவென்று சத்தமும் வரும். நிறையப் பேர் விடுவது இந்த இடத்தில்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று விலகிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது ஈரம்தான்.

பெரியவர் காட்டிக்கொடுத்தது இது. ஒரு கிண்ணத்துக்கு வேண்டிய புகையிலையை எடுத்துத் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து இரண்டு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாக ஒட்டி நின்றால் இன்னும் ஈரம். மெதுவாகப் பிரிந்து எழும்பினால் பதம். உலர்ந்த கறிவேப்பிலை போல நொறுங்கினால் கைமீறிவிட்டது. அப்புறம் நிரப்புவது. முதல் சிட்டிகையைக் குழந்தை அழுத்துவது போல, இரண்டாவதைப் பெண் அழுத்துவது போல, மூன்றாவதை ஆண் அழுத்துவது போல என்று பைப்காரர்களிடையே ஒரு பழைய பாடம் உண்டு. முதல் தடவை தீ வைத்தால் மேலடுக்கு சுருண்டு எழும்பும். அதை லேசாக அழுத்திவிட்டு மறுபடி தீ வைக்க வேண்டும். பிறகு மூச்சு விடுகிற வேகத்தில், உள்ளே இழுக்காமல், வாய்க்குள் மட்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடக்கூடாது. சுட்டால் கீழே வைத்துவிட வேண்டும், அணைந்தால் அணையட்டும்.

அணைந்தால் அணையட்டும் என்று விட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அக்டோபர் 9-ஆம் தேதிக் குறிப்பு: "நாற்பது நிமிடம். மூன்று தடவைதான் தீக்குச்சி. அடிவரை சாம்பல். நாக்கு சுகம்." அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. வேலிக்குப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் வெறும் சாம்பலைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த மாதமே அலுவலக நண்பர் ஒருவர் ஆசைப்பட்டு வந்தார். சிகரெட் பழக்கம் உள்ளவர். நான் சொல்லியும் கேட்காமல் புகையை உள்ளே இழுத்தார். பாதிக் கிண்ணத்தில் விக்கல், அப்புறம் வியர்வை, அப்புறம் வாந்தி. சர்க்கரை அதிகமாகப் போட்டு டீ கொடுத்து உட்கார வைத்தேன். பைப் புகையிலை பலவற்றின் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நுரையீரலுக்குப் போகாமல் வாய்த் தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் ஏறிவிடும். 'உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது' என்ற பேச்சு அங்கேயே பொய்யாகிறது. நண்பர் மறுபடி தொடவில்லை.

இன்னொரு நண்பர், நாகர்கோவில்காரர், பைப்பைக் கையில் வாங்கிப் பார்க்கவே மறுத்தார். அவருடைய அப்பா வெற்றிலையோடு புகையிலை போட்டுப் போட்டு வாய்ப்புற்றில் இறந்தவர். "அண்ணே, அந்த வாசனை வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். நோட்டில் அவர் பெயருக்கு நேரே எதுவும் எழுதவில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பக்கங்கள் கிட்டத்தட்ட காலி. வீட்டுக்குள் புகைப்பதில்லை என்று முதல் நாளே மனைவிக்குச் சொல்லியிருந்தேன். லட்டாக்கியா கலந்த புகையிலையை ஒரு தடவை ஜன்னலோரம் திறந்ததற்கே, "யாராவது ஈர விறகில் அடுப்பு மூட்டினாங்களா?" என்று மாடியிலிருந்து கேட்டாள். அவள் சொன்னது சரிதான், அந்த இலையை விறகுப் புகையில்தான் பதப்படுத்துகிறார்கள். ஆக, இடம் கொல்லைப்புறம் மட்டும். மான்செஸ்டர் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு, இல்லாவிட்டால் மழை. கையுறையோடு புகையிலையை அழுத்த முடியாது. காற்றடித்தால் கிண்ணம் உலைபோல எரியும். பெரியவர் சொன்ன 'வெளியே நின்று குடிக்கிற சாமான் இல்லை' என்பது அந்த நாலு மாதத்தில் எனக்குப் புரிந்தது. குளிர்நாடுகளில் இருக்கும் பலர் வருடத்தில் பாதியை இப்படித்தான் விடுகிறார்கள். மார்ச்சில் திரும்புவார்கள், அல்லது மறந்துபோவார்கள்.

நான் திரும்பினேன். 2022-இன் வசந்தமும் கோடையும் நல்ல காலம். அந்த பிரையரை அப்போதுதான் எடுத்தேன். முதலில் பாதிப் பாதிக் கிண்ணமாக எரித்து, உள்சுவரில் ஒரு காசு கனத்துக்குக் கரி படியவைத்தேன். ஒருநாள் புகைத்தால் அடுத்த நாள் ஓய்வு. காம்புக்குள் பஞ்சுக்கம்பி விட்டுத் துடைப்பது. ஜூலையில் தினமும் ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் என்றாகிவிட்டது. ஓய்வு நாள் என்பதற்காகவே இன்னொரு பைப் வாங்கினேன். அதாவது ஓய்வு பைப்புக்குத்தான், எனக்கு இல்லை. நோட்டில் இதை எழுதியபோது எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். விசாகப்பட்டினத்தில் படித்தவர். மேல்வாயைப் பார்த்ததும் விளக்கைத் திருப்பினார். "சுருட்டு பிடிப்பீர்களா? தீ முனையை வாய்க்குள் வைத்து?" என்று கேட்டார். ஆந்திரக் கரையோரம், ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண்கள் சுட்டா என்ற சுருட்டை அப்படிப் பிடிப்பது உண்டு. அதனால் வரும் மேல்வாய்ப் புற்றைப் படிக்கும் காலத்தில் நேரில் பார்த்தவர் அவர். பைப் என்றேன். கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். மேல்வாய் சாம்பல் வெள்ளையாகத் தடித்து, நடுநடுவே குத்திவைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் வீங்கி அப்படித் தெரியுமாம். பைப்காரர்களிடம் அதிகம் காணப்படுவது, சூடுதான் முக்கியக் காரணம், நிறுத்தினால் சில வாரத்தில் மறையும், இந்தத் தழும்பு பொதுவாகப் புற்றாக மாறுவதில்லை என்றார். "ஆனால் அது மட்டுமே உங்கள் வாயில் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். பைப் விரும்பிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 1964-இல் வெளியான அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அரசின் தலைமை மருத்துவ அதிகாரி) அறிக்கையை; பைப் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் பெரிதாகக் கூடவில்லை என்று அதில் இருக்கிறது. அதே அறிக்கை பைப்பை உதட்டுப் புற்றுக்குக் காரணமாகச் சொல்வதை யாரும் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை. 2004-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பைப் மட்டுமே பிடித்த ஆண்களுக்கு, புகையிலையே தொடாதவர்களைவிட நுரையீரல் புற்றால் இறக்கும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. குரல்வளைப் புற்றில் அதைவிட மிக அதிகம்.

நாகர்கோவில் நண்பரின் பெயருக்கு நேரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

எளிதாக இருக்கவில்லை. முதல் பத்து நாள் ஆறு மணியானால் கை சட்டைப்பையைத் தேடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். பொழுதுபோக்கு என்றுதான் நோட்டின் அட்டையில் எழுதியிருந்தேன். அந்தப் பத்து நாளும் அது பழக்கம் என்று சொல்லின. மூன்றாவது வாரக் கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது புள்ளிகள் போய்விட்டிருந்தன. மேல்வாய் பழைய ரோஜா நிறம்.

மிச்சமிருந்த புகையிலையைக் குப்பையில் போட்டேன். பிரையரை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகச் சாராயம் விட்டு இரவெல்லாம் வைத்தேன். காலையில் உப்பு கருப்பட்டி நிறம். இரண்டாம் தடவை தேன் நிறம். மூன்றாம் தடவை கொஞ்சம் மங்கிய வெள்ளை. காம்பை மெழுகு போட்டுத் துடைத்துப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐன்ஸ்டைனின் பைப் ஒன்று அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடித்துக் கடித்துக் காம்பு முனையில் ஓட்டையே விழுந்திருக்கிறது. புகைப்பதை விடச் சொன்ன பிறகும் அவர் பைப்பைக் கையிலிருந்து விடவில்லை என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெறும் பைப்பை வாயில் வைத்தார். பதினைந்து வருடம் கழித்தும் கட்டைவிரல் தானாகக் கிண்ணத்தின் வாயை மூடி அழுத்தியது. மழை தூற ஆரம்பித்தது; "உள்ளே வா, இதற்குத்தான் தடை கிடையாதே" என்று கதவைத் திறந்துவைத்தார்.